கணனி: பாதிப் பெட்டியா, பாகம் பாகமாகவா?

சில மாதங்களுக்கு முன், பெண்களுக்கான தப்ஸீர் வகுப்பு முடிந்து கிதாபை மூடுகிற நேரம், திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய், "மௌலவி, இது மார்க்க விஷயமில்ல. உலக விஷயமொண்டு. கேக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கொடுக்கல் வாங்கலை உலக விஷயம் என்று தள்ளிவைத்தவர் யார்? அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய பிக்ஹ் கிதாபுகளில் வியாபாரப் பாடம் எவ்வளவு பருமனானது என்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "கேளுங்க ராத்தா" என்றேன். அவருடைய சிறிய மகன் திரையைத் தாண்டி வந்து இரண்டு கடதாசித் துண்டுகளை என் கையில் வைத்தான்.

அந்தத் தாய் வீட்டில் இருந்தபடியே அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைத்துக் கொடுப்பவர். மாதாமாதம் கட்டிவந்த சீட்டு அப்போதுதான் அவருக்கு விழுந்திருந்தது. மூத்த மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாள். வீட்டில் கணனி இல்லை. அவருடைய தம்பி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போய், இரண்டு கடைகளில் விலை எழுதி வாங்கி வந்திருந்தார்.

முதல் துண்டில் ஒரே வரி. 'பெயார்போன்' என்று எழுதி ஒரு விலை. இரண்டாவது துண்டில் ஆறு வரிகள்: புரொசசர், மதர்போர்ட், ரெம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேசிங். கீழே கூட்டுத்தொகை. முதல் துண்டில் இருந்த விலை இதில் பாதிகூட வரவில்லை.

"சின்னதுக்கு காசும் கொறவு, மேசையில எடமும் கொறவு. மகள்தான் மற்றதுதான் வேணுமெண்டு ஒத்தக்காலில நிக்கிறா. ரெண்டு மடங்கு காசி குடுக்கிறது இஸ்ராப் இல்லையா மௌலவி?"

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீண்விரயம் ஹராம் என்பதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தத் துண்டில் விரயம் ஒளிந்திருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் தாய்மார் கையில் காசை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் அன்று பேசியதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெயார்போன் என்பது தோலும் எலும்பும் மட்டுமுள்ள கணனி. உறையும் அதற்குள் பூட்டப்பட்ட மதர்போர்டும், மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையும் இருக்கும். ரெம் இராது. எஸ்.எஸ்.டி. இராது. சிலவற்றில் புரொசசரும் இராது. விண்டோஸ் போன்ற இயக்க முறைமை அநேகமாக எதிலும் இராது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெட்டியின் விலையைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மின்சாரத்தில் செருகினால் எழுத்துக்கூடப் படிக்காது. கோழியின் விலையையும் புரியாணியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோழிதான் மலிவு என்று சொல்வதைப் போன்றது இது.

ஆகவே முதலில் செய்தது, முதல் துண்டையும் முழுமையாக்கியதுதான். தம்பியிடம் சொல்லி, அந்தச் சிறு பெட்டிக்குப் பொருந்தும் புரொசசர், ரெம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் விலையையும் அதே கடையில் கேட்டு எழுதச் சொன்னேன். அதோடு ஒரு விசிறியும் சேர்ந்துகொண்டது. எப்படியென்றால், புரொசசர் வாங்கும்போது அதனோடு இலவசமாக வருகிற விசிறி சில சிறு பெட்டிகளுக்குள் நுழையாது. உதாரணமாக, பலரும் வாங்கிய ஏ.எஸ்.ரொக் டெஸ்க்மினி எக்ஸ்300 பெட்டிக்குள் 46 மில்லிமீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட விசிறி போகாது. தட்டையான விசிறி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். இப்படி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது இரண்டு துண்டுகளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம், அந்தத் தாயின் வார்த்தையில் சொல்வதானால், "தையல் மெஷின ஒருக்கா சேர்விஸ் செய்ற காசி"க்கு இறங்கிவிட்டது.

இப்போது இந்தக் கணக்கு முன்னரைவிட முக்கியம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் ரெம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன் நிறுவனம், குருஷல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்றுவந்த ரெம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்துவிட்டது. பெட்டியின் விலைத் துண்டில் இல்லாத பொருட்கள்தான் இப்படி ஏறிய பொருட்கள். (விலைகளை நான் இங்கே எழுதாததற்கும் இதுவே காரணம். இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவை வேறாக இருக்கும்.)

விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், எதை எடுப்பது? இந்த இடத்தில் என்னுடைய தவறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

2009ஆம் ஆண்டு, நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவுக்கு ஒரு தனவந்தர் கணனிகள் வாங்கக் காசு தந்தார். வாங்கும் பொறுப்பு என்மீது விழுந்தது. அறை சிறியது என்பதால் சிறிய பெயார்போன் பெட்டிகள் நான்கு எடுத்தேன். அழகாக இருந்தன. முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருடம் ஒன்றின் பவர் சப்ளை எரிந்தது. கழற்றிக்கொண்டு கடை கடையாகப் போனேன். அதன் நீளமும் அகலமும் செருகியும் அந்தப் பெட்டிக்கென்றே செய்தவை. வேறெதுவும் அந்த இடத்தில் உட்காராது. விற்ற கடையோ அந்த வகையை இறக்குவதை நிறுத்திவிட்டிருந்தது. அடுத்த வருடம் இன்னொன்று. ஒன்றின் உறுப்பைப் பிடுங்கி மற்றதற்குப் பூட்டி, கடைசியில் நான்கும் அலுமாரிக்கு மேலே ஏறின. நல்ல புரொசசர், நல்ல ரெம், நல்ல ஹார்ட் டிஸ்க் எல்லாம் உள்ளே இருக்க, கைப்பிடி அளவு ஓர் உறுப்பு கிடைக்காததால் பிறர் தந்த அமானத் தூசு பிடித்தது. அந்த அலுமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் மனம் குறுகும்.

சிறு பெட்டிக்கும் பெரிய கேசிங்குக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பூட்டுகிற வேலை ஒரு பின்னேர வேலை. அந்த ஒரு பின்னேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக யாரும் பெயார்போன் வாங்கத் தேவையில்லை. ஐந்தாம் வருடத்தில் ஓர் உறுப்பு போனால், அதற்கு மாற்று எங்கே கிடைக்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டத்தை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. மதர்போர்டில் ஸ்குரூத் துளைகள் எங்கே வரவேண்டும், பவர் சப்ளையின் அளவென்ன என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழிந்தும் கடைகளில் விற்பவை அந்த அளவுகளை ஒட்டியவைதான். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்பது அதன் தங்கச்சி. 244 மில்லிமீற்றர் சதுரம். இந்த வகையில் ஒரு கம்பனியின் பவர் சப்ளை போனால் இன்னொரு கம்பனியுடையது அதே இடத்தில் உட்காரும். கண்டியில் எரிந்ததற்குக் காத்தான்குடியில் மாற்று வாங்கலாம்.

சிறு பெட்டிகளின் கதை வேறு. தாய்வானின் ஷட்டில் நிறுவனம் 2001இல் எஸ்.வி.24 என்ற கையடக்கப் பெயார்போனைக் கொண்டுவந்தபின் இவை பிரபலமாயின. பின்னர் இன்டெல் நிறுவனமே நக் என்ற பெயரில் உள்ளங்கையளவுப் பெட்டிகளை விற்றது. 2023 ஜூலையில் அந்த வியாபாரத்தைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்து, ஏசூஸ் நிறுவனத்திடம் உரிமம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே கைவிடக்கூடிய ஒன்றை, நம்மூர்க் கடைக்காரர் கடைசிவரை இறக்குவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஆனாலும் நியாயம் பேச வேண்டும். நான் வாங்கிய காலத்துப் பெட்டிகளும் இன்றைய பெட்டிகளும் ஒன்றல்ல. டெஸ்க்மினி போன்றவற்றுக்கு மின்சாரம் உள்ளேயிருந்து அல்ல, மடிக்கணனிக்கு இருப்பதுபோல் வெளியிலிருக்கும் கறுப்புக் கட்டியிலிருந்து வருகிறது. 19 வோல்ட்; அதே வோல்ட்டும் போதிய வொட்டும் பொருந்தும் செருகியும் உள்ள வேறொன்றைத் தேடிப்பிடிப்பது நான் பட்ட பாட்டைவிட இலேசு. புரொசசரைக் கழற்றி மாற்றவும் முடியும். நக் வகையில் அது முடியாது. புரொசசர் மதர்போர்டோடு ஒட்டியே வரும். ஆகவே பெயார்போன் எடுக்க நினைப்பவர் கடையில் மூன்று விஷயம் கேட்கட்டும்: மின்சாரக் கட்டி வெளியிலா, உள்ளேயா? புரொசசர் கழற்றக்கூடியதா? ரெம் மடிக்கணனிக்குப் போடுகிற சாதாரண ரெம்தானா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் எடுப்பதில் பிழையில்லை.

மின்சாரச் செலவிலும் சிறு பெட்டி கெட்டிக்காரி. பெரியதைவிட அது 30 வொட் குறைவாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஆறு மணித்தியாலம் பாவிக்கும் வீட்டில் மாதத்துக்கு 5.4 அலகு மிச்சம். அலகு கூடக்கூடக் கட்டணப் படியும் ஏறுகிற நாட்டில் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. வாடகை வீடு மாறி மாறிப் போகிறவர்களுக்கும், ஒரே அறையில் எல்லாம் செய்கிற குடும்பத்துக்கும், மகனையோ மகளையோ பல்கலைக்கழக விடுதிக்கு அனுப்புகிறவர்களுக்கும் சிறியது வசதிதான். விடுதிக்கென்றால் மடிக்கணனியையும் யோசிக்கலாம். அது வேறு கட்டுரை.

இந்தத் தாயின் வீட்டில் ஒரு விஷயம் தராசை மற்றப் பக்கம் சாய்த்தது. கணனி வைக்கப்போகும் மேசை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெட்டுத் துணியின் பஞ்சும் நூல் தூசும் நாள் முழுக்கப் பறக்கும். சிறு பெட்டியின் சின்ன விசிறியிலும் மெல்லிய துவாரங்களிலும் அது படிந்தால் காற்று அடைபட்டு, சூடேறி, விசிறி கத்தத் தொடங்கும். பெரிய கேசிங்கில் 120 மில்லிமீற்றர் விசிறி போடலாம். பக்கத் தகட்டைக் கழற்றித் தூரிகையால் தட்டிவிடலாம். மகள் பிடிவாதம் பிடித்ததற்கு இந்தக் காரணத்தையும் சொல்லியிருக்கிறாள். தாய் அதைக் காதில் வாங்கவில்லை.

பழுதானால் யார் பொறுப்பு?

அடுத்துத் தாய் கேட்டது நல்ல கேள்வி. "பிள்ள பூட்டப்போய் ஏதாச்சும் ஒடஞ்சிட்டா, கடைக்காரர் திருப்பி எடுப்பாரா?"

நமது ஷாபிஈ மத்ஹபின் சட்டம் இதில் தெளிவானது. வாங்கிய பொருளில், விற்பவர் கையில் இருந்தபோதே இருந்த பழுது பின்னர் தெரியவந்தால், தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதைக் கியாருல் ஐப் என்போம். ஆனால் வாங்கியவர் கையில் வந்தபின் புதிதாக இன்னொரு பழுது ஏற்பட்டுவிட்டால், பொருளைக் கட்டாயப்படுத்தித் திருப்பிக் கொடுக்க முடியாது. பழைய பழுதுக்கான ஈட்டைப் பற்றியே பேசலாம். மதர்போர்டில் புரொசசர் உட்காரும் இடத்தில் தலைமயிர் போன்ற ஊசிகள் உள்ள வகை இருக்கிறது. விரல் பட்டால் வளைந்துவிடும். வளைந்தபின், "உள்ளே வேறு பழுதும் இருந்தது" என்று நிரூபிப்பது யாரால் முடியும்? கடைகளின் வாரண்டியும் இதே போக்கில்தான் நடக்கிறது.

ஆகவே கடையிலேயே, கடைக்காரர் முன்னிலையில் பொதியைப் பிரித்து அந்த ஊசிகளைப் பார்த்துவிடுங்கள். மூன்று நாள் தவணை நிபந்தனை வைத்து வாங்குவதும் நமது மத்ஹபில் செல்லும். கடைக்காரர் சம்மதித்தால் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். மேலே தெரியாததைத் தொட்டுப் பார்ப்பது சுன்னத்துக்கு அந்நியமானதல்ல.

வாரண்டியிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பெயார்போனில் உறை, மதர்போர்ட், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே கடை, ஒரே சீட்டு. தலையிடி குறைவு; ஆனால் ஒன்று பழுதானால் பெட்டியே கடைக்குப் போகும். பாகம் பாகமாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காலம். பழுதான பாகம் மட்டும் போகும். சீட்டு வெப்பத்தில் மங்கிப்போகும் கடதாசியாக இருந்தால் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. இதைத் தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும் பெட்டிக்குள் வீட்டுப் பெண்களின் நிக்காஹ் படங்களும் கடிதங்களும் வங்கி விபரங்களும் இருக்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் கையில் அவற்றை நாள்கணக்கில் விட்டுவிட்டு வருகிறோம். எஸ்.எஸ்.டி. என்பது சுவிங்கம் பட்டியளவான ஒரு துண்டு, எம்.2 வகையானால் ஒரேயொரு ஸ்குரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மற்றது போனால் போகட்டும், அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள். சிறு பெட்டியிலும் இது முடியும், பெரியதிலும் முடியும். கழற்றத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தன் கையால் ஒருமுறை பூட்டிய பிள்ளைக்கு அது தெரியும். மகளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்ட உறவினர் ஒருவருக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

விலைத் துண்டில் வேறு சில கண்ணிகளும் உண்டு. இன்டெல் புரொசசரின் இலக்கத்துக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், சிறு பெட்டியில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. டி.டி.ஆர்.4 ரெம் டி.டி.ஆர்.5க்குரிய பள்ளத்தில் நுழையாது. விண்டோஸைக் 'கடை போட்டுத் தரும்' என்றால் அது உரிமத்துடனா என்று கேளுங்கள். படைப்புரிமை போன்ற உரிமைகள் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி தீர்மானித்திருக்கிறது. காசில்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது, இலவசம், ஹலால். உயர்தரப் பாடத்தில் வரும் பைதன் அதிலும் ஓடும். பழைய அலுவலகக் கணனி மலிவாகக் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான புரொசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை.

அந்த வீட்டில் கடைசியில் பாகங்களே வாங்கினார்கள். ரெம் விலை ஏறியிருந்ததால் எட்டு ஜிகாபைட் துண்டு ஒன்று மட்டும். பக்கத்துப் பள்ளம் இன்னொரு சீட்டு விழும்வரை வெறுமையாக இருக்கும். பவர் சப்ளையில் மட்டும் மலிவு பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மகள் பூட்டத் தொடங்கியிருக்கிறாள். பொலியெஸ்டர் துணி உரசினால் மின் ஏறும், அது சில்லுகளுக்கு ஆகாது என்பதால் அபாயாவை மாற்றிப் பருத்திச் சட்டை போட்டு, அடிக்கடி இரும்பைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்லியிருந்தேன். புரொசசரை முக்கோண அடையாளம் பார்த்து, அழுத்தாமல் இறக்கியிருக்கிறாள். அதன்மேல் பயறளவு பசை. பிறகு விசிறி.

மஃரிபுக்குச் சற்று முன் ஆளியைப் போட்டார்களாம். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. "சீட்டுக் காசி போச்சு எண்டு என்ட நெஞ்சு பத்திப்போச்சு மௌலவி" என்று தாய் பிறகு சொன்னார். தொழுதுவிட்டு வந்த மகள், மதர்போர்டோடு வந்த சிறு புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து வாசித்திருக்கிறாள். புரொசசருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் தனியாகச் செருக வேண்டிய எட்டு முனை வயரைச் செருகவில்லை. கேசிங்குக்குப் பின்னால் சுருண்டு கிடந்திருக்கிறது. செருகியதும் திரையில் எழுத்து வந்தது.

மிஞ்சிய நான்கு ஸ்குரூக்களும் இப்போது உம்மாவின் பொத்தான் டப்பாவில் இருக்கின்றனவாம்.